விமானப்படைத் தளம் விரிவாகிறது: ஊராட்சி எதை, எப்படி எடைபோடுவது?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊராட்சி எல்லையை ஒட்டி விமானப்படைத் தளம் ஒன்று இருக்கிறது. ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள், நிலம் கேட்பார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. வேலை வரும், கடை கண்ணி பெருகும் என்று ஊரில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நிலமும் போகும், தூக்கமும் போகும் என்கிறார்கள் மீதிப் பேர். கிராம சபையில் தீர்மானம் வைக்க வேண்டிய தலைவர் என்ற முறையில், நன்மை அதிகமா தீமை அதிகமா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நில எடுப்பு, சுற்றுச்சூழல் அளவீடு ஆகிய இரண்டு வேலைகளிலும் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞர் சொல்வதுதான் உங்களுக்கு வழி. அதற்கு முந்தைய கட்டம் வரை இந்தப் பதில் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தளம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. பாதுகாப்பும், தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கட்டுமானங்களும் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே "ஆதரிக்கிறோம்" என்றோ "எதிர்க்கிறோம்" என்றோ ஒற்றை வரியில் போடும் தீர்மானம் ஆட்சியர் அலுவலகக் கோப்பில் ஒரு தாளாகச் சேரும், அவ்வளவுதான். ஊராட்சியால் செய்யக்கூடியது வேறு ஒன்று. பாதிப்பு எந்தச் சர்வே எண்ணில், எந்தக் கிணற்றில், எந்த வகுப்பறையில் விழுகிறது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் பதிவு செய்து வைக்கலாம். மொத்த ஊருக்கும் சேர்த்து ஒரு தராசு வைத்தால் எடை சரியாக வராது. நன்மை மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவருக்குப் போகும், தீமை ஓடுபாதையின் நேர்கோட்டில் வீடு கட்டியவர் தலையில் விழும். இரண்டையும் கூட்டிக் கழித்து "ஊருக்கு லாபம்" என்று சொன்னால் அந்த வீட்டுக்காரருக்கு அதில் ஒன்றும் இல்லை.

நிலத்தில் தொடங்குவோம். அதிகாரிகளிடம் நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப் போகிறீர்கள் என்பதுதான். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கமான முறையில் எடுத்தால், ஊராட்சியைக் கலந்து சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். முதற்கட்ட அறிவிக்கை வந்த பிறகு ஆட்சேபம் சொல்ல 60 நாள் உண்டு. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவில் அவசரம் என்று எடுத்தால் அந்த மதிப்பீடே தேவையில்லை என்று விலக்கு அளிக்கலாம். நாட்டின் பாதுகாப்பு என்பது அந்த அவசரப் பிரிவுக்கு நேரடியாகச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் அதே பிரிவு, தேவையான குறைந்தபட்ச நிலத்தை மட்டுமே எடுக்கலாம் என்றும் சொல்கிறது. "இவ்வளவு ஏக்கர் எதற்கு" என்று கேட்க உங்களுக்கு இருக்கும் பிடிமானம் அந்த ஒரு வரி. மாநில அரசு தன்னுடைய 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தினால் நடைமுறை வேறு. அங்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது.

அவசரப் பிரிவில் எடுத்தால் 75 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி உண்மைதான். அந்தக் கூடுதல் தொகையைத் தரச் சொல்லும் அதே உட்பிரிவில், நாட்டின் பாதுகாப்பையும் கேந்திர நலனையும் சார்ந்த திட்டங்களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் இருக்கிறது. ராணுவத் திட்டத்துக்கு அந்த விலக்கைக் காட்டுவதற்கு வாய்ப்பு அதிகம். எனவே அந்தப் பணத்தை நம்பி யாரும் அட்வான்ஸ் கொடுத்து வேறு நிலம் பேசிவிடக் கூடாது. உறுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடியது இதுதான்: சந்தை மதிப்பு, அதைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரை மாநிலம் நிர்ணயித்த எண்ணால் பெருக்கி, மரம், கிணறு, கட்டட மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமான ஆறுதல் தொகை. ஏக்கர் 20 லட்சம், பெருக்கு எண் 1.5 என்று வைத்துக்கொண்டால் 30 லட்சம், ஆறுதல் தொகை 30 லட்சம், ஆக 60 லட்சம். சந்தை மதிப்பைப் பார்க்கும்போது முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயங்களை எடுத்து, அவற்றில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரியை எடுப்பார்கள். நம் ஊர்களில் முத்திரைத்தாள் செலவைக் குறைக்க விலையைக் குறைத்துக் காட்டிப் பதிவு செய்த பத்திரங்கள்தான் இந்த இடத்தில் எல்லாரையும் இழுத்துக் கீழே தள்ளும். சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் கிராமத்தின் 3 ஆண்டுக் கிரயப் பதிவுகளுக்கு நகல் வாங்கி, உண்மை விலை எழுதிய பத்திரங்கள் எத்தனை என்று இப்போதே பாருங்கள்.

பணம் பட்டாதாரருக்கு வரும். குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்கு கொடுத்து) உழுபவர், கூலிக்குப் போகிறவர், புறம்போக்கில் மாடு மேய்ப்பவர் ஆகியோர் கோப்பில் இருக்கவே மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் இருக்கிறார்கள். எடுக்கப்படும் நிலத்தை நம்பி 3 ஆண்டுகளாகப் பிழைக்கும் குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற வரையறைக்குள் வருகிறார்கள். வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற தெரிவு சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிக் கணக்கில், சாகுபடி செய்பவர் பெயர் ஏறாமல் போவதுதான் இதில் வழக்கமான கோளாறு. வாய்வழிக் குத்தகைக்குக் காகிதம் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரை வைத்துக்கொண்டு, எந்தச் சர்வே எண்ணை யார் எத்தனை ஆண்டாக உழுகிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதிக் கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். முதற்கட்ட அறிவிக்கைக்கு முன்னால் எழுதிய பட்டியலுக்கு ஒரு மதிப்பு உண்டு. பின்னால் எழுதினால் ஆள் சேர்த்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

எடுக்கப்படாத நிலத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். எடுத்த நிலத்துக்குப் பணமாவது வரும். பக்கத்து நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் அதில் வீடு கட்ட முடியாமல் போகலாம். 1903-ஆம் ஆண்டுப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி ஒன்றிய அரசு அரசிதழில் அறிவித்தால், படைத் தளத்தைச் சுற்றி அதிகபட்சம் 2,000 கஜம் வரை, அதாவது 1,800 மீட்டருக்குச் சற்று மேல், கட்டுப்பாடு போடலாம். உள்ளே 1,000 கஜம், 500 கஜம் என்று வட்டம் நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு இறுகும். வெளி வட்டத்திலேயே எழுத்து அனுமதி இல்லாமல் தரைமட்டத்தை மாற்றக் கூடாது, சுவர் எழுப்பக் கூடாது. நடு வட்டத்தில் நிரந்தரக் கட்டடம் கூடாது, தோப்பு வைக்கவும் தடை வரும். நடைமுறையில் பல விமானப்படைத் தளங்களில் மதிலிலிருந்து 100 மீட்டர் என்றும், வெடிபொருள் கிடங்கு இருந்தால் 900 மீட்டர் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஹரியானாவின் குருகிராமில் விமானப்படை வெடிபொருள் கிடங்கைச் சுற்றியுள்ள 900 மீட்டருக்குள் மனை பிரித்து விற்று, ஆயிரக்கணக்கானோர் வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். பிறகு விஷயம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. வாங்கியவர்களுக்கு இடிப்பு நோட்டீஸ் பயம், பத்திரப் பதிவுச் சிக்கல் எல்லாம் ஆண்டுக் கணக்கில் இழுத்தது. கிடங்குப் பக்கத்தில் குடியிருப்பு வேண்டாம் என்று சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016 மே 31 அன்று மகாராஷ்டிரத்தின் புல்காவ் வெடிபொருள் கிடங்கில் பிடித்த தீயில் பணியாளர்கள் பலர் உயிரிழந்தார்கள், சுற்றுக் கிராமங்களை இரவோடு இரவாகக் காலி செய்ய வேண்டி வந்தது.

இந்த இடத்தில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துவிடுகிறேன். 1903 சட்டத்தின்படி அரசிதழ் அறிவிக்கை வந்திருந்தால் தடை செல்லும். அதற்கு இழப்பீடும் உண்டு, அதை நிர்ணயிப்பவர் ஆட்சியர். இது உறுதி. அறிவிக்கை இல்லாமல், தளங்களுக்கு அருகே கட்டடம் கட்டுவது பற்றிப் பாதுகாப்பு அமைச்சகம் 2011-இல் வெளியிட்டுப் பின்னர் பலமுறை திருத்திய வழிகாட்டுதல்களை மட்டும் வைத்துத் தடையின்மைச் சான்று கேட்டால் அது எந்த அளவுக்குச் செல்லும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. பாதுகாப்பை முன்னிறுத்திய தீர்ப்புகளும் இருக்கின்றன, அறிவிக்கையும் இழப்பீடும் இல்லாமல் ஒருவரின் மனையை முடக்கக் கூடாது என்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆகவே நிலையத் தளபதிக்கும் (தளத்தின் தலைமை அதிகாரி) பாதுகாப்பு எஸ்டேட் அதிகாரிக்கும் (பாதுகாப்புத் துறையின் நிலங்களை நிர்வகிப்பவர்) ஆட்சியர் வழியாக ஒரு கடிதம் எழுதுங்கள். "எங்கள் கிராமத்தில் எந்தெந்தச் சர்வே எண்களுக்கு எந்த அறிவிக்கையின் கீழ் என்ன கட்டுப்பாடு இருக்கிறது, விரிவாக்கத்துக்குப் பிறகு அந்தக் கோடு எங்கே நகரும்" என்று கேளுங்கள். மதில் 300 மீட்டர் நகர்ந்தால் கட்டுப்பாட்டு வட்டமும் 300 மீட்டர் நகரும். விரிவாக்கப் படத்தில் இந்த இரண்டாவது கோட்டை யாரும் வரைந்து காட்ட மாட்டார்கள். சர்வே எண்களின் எல்லையைக் காட்டும் புலப்படத்தில் நீங்களே வரைந்து பாருங்கள்.

உயரக் கட்டுப்பாடு வேறு வட்டம். 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி விமானத்தளத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை உயரமான கட்டுமானங்களுக்கு அனுமதி வேண்டும். செல்போன் கோபுரம், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, கோயில் கோபுரம் எல்லாம் இதில் அடங்கும். ஓடுபாதை முனையின் நேர்கோட்டில் கட்டுப்பாடு கடுமையாகவும் பக்கவாட்டில் தளர்வாகவும் இருக்கும். ஓடுபாதை நீளும்போது அந்த முனையே உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறது என்பதைக் கவனியுங்கள். இதோடு 1937 விமான விதிகளின் 91-ஆம் விதியையும் படித்து வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தளத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் திறந்த வெளியில் ஆடுமாடு அறுப்பது, பறவைகளை ஈர்க்கும் குப்பை, மீன் கழிவு, இறைச்சிக் கழிவு கொட்டுவது கூடாது. கழுகும் பருந்தும் கொக்கும் என்ஜினில் மாட்டினால் விமானமும் போகும், விமானியும் போவார், கீழே இருக்கும் வீடும் போகும். இது முழுக்க ஊராட்சியின் கையில் இருக்கும் வேலை. கோழி இறைச்சிக் கழிவை ஓடையில் கொட்டும் கடைகள் உங்கள் எல்லையில் இருந்தால், தளத்திடம் எதையும் கேட்கும் முன் அதைச் சரி செய்யுங்கள். மூடிய வண்டியில் கழிவு எடுக்கத் தளம் உதவ வேண்டும் என்று அதோடு சேர்த்துக் கேட்பதில் தவறில்லை. அவர்களுக்கும் அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது சத்தம். இதில் ஏமாறுவதற்கு நிறைய இடம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை, 16 மணி நேரத்தின் சராசரி. ஒரு போர் விமானம் பள்ளிக்கு மேல் ஏறிப் போகிறது, அந்த ஒரு பறப்பின் மொத்த ஒலி ஆற்றலையும் ஒரே வினாடியில் அடைத்தால் 105 டெசிபல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 10 பறப்பு என்றால் 16 மணி நேரச் சராசரி ஏறக்குறைய 67. 5 பறப்பு என்றால் 64. பறப்பு இரண்டு மடங்கானாலும் எண் 3 மட்டும்தான் கூடுகிறது. அறிக்கையில் "3 டெசிபல் மட்டுமே அதிகரிக்கும்" என்று எழுதியிருந்தால், இரண்டு மடங்கு விமானம் என்று படியுங்கள். அதே 10 பறப்பும் பள்ளி நடக்கும் 7 மணி நேரத்துக்குள் வந்தால், அந்த 7 மணி நேரச் சராசரி 71. எந்த நேரத்துக்கான சராசரி என்று கேட்காமல் ஒரு எண்ணை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வகுப்பறைக்குச் சராசரியை விட எண்ணிக்கைதான் முக்கியம். ஆசிரியரின் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் 60, 65 டெசிபல்தான். கடைசி பெஞ்சுக்குப் போகும்போது இன்னும் குறையும். நம் பள்ளிகளில் ஜன்னல் திறந்தே இருப்பதால் வெளிச் சத்தத்தில் 10, 15 டெசிபல்தான் சுவர் குறைக்கும். வெளியே 90 என்றால் உள்ளே 75, ஆசிரியர் வாயைத்தான் பார்க்க முடியும், பாடம் காதில் விழாது. எனவே பள்ளி வராந்தாவில் அளவு வைத்து, ஒரு நாளில் எத்தனை முறை 70-ஐத் தாண்டியது, ஒவ்வொரு முறையும் எத்தனை வினாடி என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். குழந்தைகள் படிப்பு பற்றிய ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோது, மூடிய இடத்தில் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவும் மேம்பட்டன, புதிய இடத்தில் சரிந்தன. லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி நடந்து 2005-இல் வெளியான ஆய்விலும் வாசித்துப் புரிந்துகொள்வது தாமதமாவது தெரிந்தது. இவை பயணிகள் விமானத்தை வைத்துச் செய்த ஆய்வுகள். போர் விமானத்தின் சத்தம் திடீரென்று வருவது, நாளுக்கு நாள் எண்ணிக்கை மாறுவது. அதனால் எண்களை அப்படியே எடுத்து நம் ஊருக்குப் பொருத்த முடியாது, திசையை மட்டும் நம்பலாம்.

கோழிப் பண்ணைக்காரர்கள் உங்களிடம் வருவார்கள். திடீர்ச் சத்தத்தில் பறவைகள் பதறி ஒரு மூலையில் குவிந்து, அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் சாவது உண்மையிலேயே நடக்கிறது. அது பெரும்பாலும் புதிதாகப் பறப்பு தொடங்கும் நாட்களில் நடக்கும், பின்னர் பழகிவிடும். பால் குறைகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஒரே மாதிரியான விடை இல்லை. சுவர் விரிசல் பற்றியும் கவனமாக இருங்கள். ஒலியை மிஞ்சிய வேகத்தில் தாழப் பறந்தால் கண்ணாடி உடையும். சாதாரண வேகத்தில் ஏறி இறங்கும் விமானத்தால் ஜன்னல் அதிரும், நன்றாகக் கட்டிய சுவர் பெரும்பாலும் விரியாது. ஆனால் கட்டுமானத்துக்காகப் பாறை வெடி வைத்தால் விரிசல் வரலாம். வேலை தொடங்கும் முன் மதிலிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளின் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து, பழைய விரிசலின் இரு முனையையும் பென்சிலால் குறித்து வைத்தால், பிறகு வாதாடத் தேவையே இருக்காது.

அளவு எடுப்பதில் நடக்கும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். செல்போன் செயலியில் எடுத்த அளவை யாரும் ஏற்க மாட்டார்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம், அளவுத்திருத்தச் சான்றுள்ள முதல் வகுப்புக் கருவியால், குறைந்தது 7 நாள் தொடர்ச்சியாக எடுக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், சுவரிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலி 3 டெசிபல் வரை கூட்டிக் காட்டும், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். காற்று வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அளவு கெட்டுவிடும். கோவை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் வீசும் வீச்சில் கருவி காற்றைத்தான் அளக்கும். ஆடியில் கோயில் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொள்ளும். தை, மாசி நல்ல காலம். விமானம் போன நேரத்தை ஒருவர் நோட்டில் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் எது விமானம் எது லாரி என்று பிரிக்க முடியாது. தளத்தைப் படம் எடுக்கவோ ட்ரோன் விடவோ கூடாது. அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும், உங்கள் நியாயமான கோரிக்கைகளும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

தண்ணீரில் இரண்டு விஷயம். ஒன்று மழைநீர். 9,000 அடி ஓடுபாதை என்றால் 2,743 மீட்டர், 45 மீட்டர் அகலம், ஏறக்குறைய 12 ஹெக்டேர் தார். 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிலிருந்து மட்டும் 60 லட்சம் லிட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் வழிந்து வரும். முன்பு செம்மண்ணில் பாதிக்கு மேல் இறங்கிய தண்ணீர் அது. ஓடையையும் வரத்து வாய்க்காலையும் மதில் குறுக்கே வெட்டினால், மேற்கே வயல் மூழ்கும், கிழக்கே ஏரி காயும். கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (சர்வே எண்வாரியான கிராம நிலக் கணக்கு) வைத்து, விரிவாக்கக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாட்டுப் பாதை, அய்யனார் கோயில் வழி எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன, பாலத்தின் கண் எத்தனை அகலம், எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். கம்பி வேலி போட்ட பிறகு பாதை கேட்டால் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

இரண்டாவது நிலத்தடி நீர். எரிபொருள் கசிவும், எரிபொருள் தீயை அணைக்கும் நுரையில் இருந்த அழியாத புளோரின் சேர்மங்களும்தான் உலகம் முழுக்க விமானத்தளங்களைச் சுற்றிக் கண்ட மாசு. ஜப்பானின் ஒக்கினாவாவில், புத்தென்மா அமெரிக்கத் தளத்திலிருந்து 2020 ஏப்ரலில் 2 லட்சம் லிட்டருக்கு மேல் நுரைக் கரைசல் வழிந்தது. அதில் பாதிக்கு மேல் மதிலைத் தாண்டி வெளியேறி, நுரை ஊர்த் தெருவிலும் ஓடையிலும் மிதந்தது. அமெரிக்காவின் ஹவாயில் 2021 நவம்பரில் அந்நாட்டுக் கடற்படையின் எரிபொருள் குடிநீரில் கலந்தது, அந்த நீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் 93,000 பேர். உங்கள் ஊரிலும் அப்படித்தான் நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. என்ன நுரை பயன்படுத்துகிறார்கள், தீயணைப்புப் பயிற்சிக் குழி எங்கே, அதற்குக் கீழே தார்ப்பாய் உறை உண்டா என்பதைப் பொறுத்தது அது. ஆனால் இன்றைக்கு உங்கள் கிணறு சுத்தமாக இருந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால், பத்து ஆண்டு கழித்து யாரையும் எதுவும் கேட்க முடியாது. தளத்தின் சரிவுப் பக்கம் எட்டு பத்துக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் தேர்ந்தெடுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனையில் உப்பு, புளோரைடு, நைட்ரேட் வரும், எரிபொருளும் நுரையும் வராது, தனியாகக் கேட்க வேண்டும். எரிபொருளுக்கு மாதிரி எடுக்கும்போது சிறு கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் பென்சீன் ஆவியாகி விடும். நுரைச் சேர்மத்துக்கு பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் புட்டி, மூடியில் டெஃப்லான் இருக்கக் கூடாது. ஒரே புட்டியில் இரண்டுக்கும் எடுத்தால் ஒரு முடிவு கண்டிப்பாகத் தவறாகப் போகும். இரண்டையும் ஐஸ் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.

வேலைவாய்ப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. படை வீரர் தேர்வு அகில இந்திய அளவில் நடக்கிறது, பக்கத்து ஊர் என்பதால் தனி இடம் கிடையாது. உள்ளூருக்கு வருவது ஒப்பந்தக் கட்டட வேலை, துப்புரவு, தோட்ட வேலை, பால், காய்கறி, வாடகை வீடு. கட்டுமானம் நடக்கும் இரண்டு மூன்று ஆண்டு சுறுசுறுப்பாக இருக்கும், பிறகு பெருமளவு குறையும். கேந்திரிய வித்யாலயா வந்தால் ஒன்றிய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. ஒன்றிய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. அதற்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் வாங்கலாம் என்று ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் ஏற்பாடு ஆயிற்று. தண்ணீர், சாலை, குப்பை என்று முழுச் சேவையும் பெற்றால் சொத்து வரியில் 75 சதவீதம், ஓரளவு பெற்றால் 50, ஒன்றும் பெறாவிட்டால் 33.33 சதவீதம். அது மாநகராட்சிகளை வைத்துப் பிறந்த ஏற்பாடு. ஊராட்சி கேட்கும்போது ஊரக வளர்ச்சித் துறை வழியாகப் போங்கள், என்ன சேவை தருகிறீர்கள் என்பதற்கு ஆதாரத்தோடு கேளுங்கள்.

உங்கள் பக்கத்தில் சுடுதளமும் சேர்ந்து வருவதாக இருந்தால் எடை முற்றிலும் மாறும். துப்பாக்கியின் குறி சில நூறு மீட்டர் என்றாலும் தவறிப் பறக்கும் தோட்டா 3 கிலோமீட்டருக்கும் மேல் போகக் கூடியது. புதுக்கோட்டை நார்த்தாமலையில் 2021 டிசம்பரில் மத்தியப் படையினர் பயிற்சி எடுத்தபோது, தளத்துக்கு வெளியே வீட்டில் இருந்த சிறுவனின் தலையில் தோட்டா பாய்ந்து அவன் உயிர் போனது. அபாயப் பரப்பு எது என்று வரைபடத்தில் காட்டும் வரை அதில் சம்மதம் சொல்லாதீர்கள். தற்காலிகம் என்ற சொல்லையும் தேதியோடு கேளுங்கள். ஜார்க்கண்டின் நேத்தர்ஹாட்டில் 1964-இல் தொடங்கிய பீரங்கிப் பயிற்சி, 245 கிராமங்களை உள்ளடக்கிய பரப்புக்கு அறிவிக்கப்பட்டு, காலம் முடிய முடிய நீட்டிக்கப்பட்டு வந்தது. மக்கள் முப்பது ஆண்டு போராடிய பிறகு 2022-இல்தான் மாநில அரசு இனி நீட்டிப்பதில்லை என்று முடிவு செய்தது.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, தேசப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு தந்திருக்கிறது. உங்களுக்கு இருக்கும் மேடை கிராம சபையும் தகவல் உரிமைச் சட்டமும்தான். தகவல் கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி 8-ஆம் பிரிவில் மறுப்பார்கள். மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்கிறது 10-ஆம் பிரிவு. ஆகவே விமான வகை, படைப்பிரிவு எண்ணிக்கை என்று கேட்காமல், உங்கள் சர்வே எண்கள், வடிகால் அளவு, நுரையின் வகை, இரவுப் பறப்பு நேரம் என்று மதிலுக்கு வெளியே விழும் விஷயங்களை மட்டும் கேளுங்கள். மறுப்பது கடினமாக இருக்கும்.

தீர்மானத்தை எழுதும்போது கோரிக்கை ஒவ்வொன்றிலும் சர்வே எண், அளவு, தேதி மூன்றும் இருக்கட்டும். "பள்ளிக்கு ஒலித்தடுப்பு வேண்டும்" என்பதை விட, "உயர்நிலைப் பள்ளியின் 6 வகுப்பறைகளுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் காற்றோட்ட வசதியும், பொதுத்தேர்வு நாட்களில் காலை 10 முதல் 1.30 வரை அந்தத் திசையில் பறப்புத் தவிர்ப்பும்" என்று எழுதினால், நிலையத் தளபதி மட்டத்திலேயே தீர்த்துவிடக் கூடிய வேலையாக அது மாறும். ஜன்னலை மட்டும் மூடிக் காற்றோட்டம் தராவிட்டால் சித்திரை வெயிலில் பிள்ளைகளே திறந்துவிடுவார்கள், செலவு வீண். தீர்மான நகலை ஆட்சியர், பாதுகாப்பு எஸ்டேட் அதிகாரி, நிலையத் தளபதி மூவருக்கும் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அட்டைகளைத் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.

வரிசை என்று கேட்டால், இந்த வாரம் புலப்படமும் 'அ' பதிவேடும். அடுத்து குத்தகைதாரர் பட்டியல், அதற்குச் சிறப்புக் கிராம சபை கூட்டலாம். கிணற்று மாதிரியை ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தையில் ஒரு முறை எடுங்கள், நீர்மட்டத்தோடு அளவும் மாறும். ஒலி அளவு தையில். வீட்டுச் சுவர்ப் படங்களை முதல் ஜேசிபி வரும் முன் எடுத்து முடித்துவிடுங்கள்.